மயிலிட்டிக்கு ஒரு பியர்

ஆங்கிலத்தைப் பிழையறப் பேசத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் மயிலிட்டி ஆழ்வாப்பிள்ளை. மற்றவர் இங்கிலாந்தில் இருப்பதாகக் கேள்வி.

ஆழ்வாப்பிள்ளை மலாயா ரயில்வேயில் இருபத்தாறு வருடம் உழைத்துப் பென்சனோடு ஊர் திரும்பியவர். வெள்ளைக்காரர் வாயைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே உற்றுப் பார்த்தவர். அந்த ஆராய்ச்சியின் முடிவு இதுதான்: "துரைமார் 'ப'வை அடிச்சுச் சொல்லமாட்டினம். மெத்தெண்டுதான் விடுவினம்." ஆகவே பென்சில், பேப்பர், போஸ்ட் ஒபீஸ் எல்லாமே அவர் வாயிலிருந்து 'பஸ்'ஸில் வரும் 'ப'வோடு மெத்தென்று இறங்கின. தமிழ் நெடுங்கணக்கு இரண்டு 'ப'வுக்கும் ஒரே சட்டையைத் தைத்துக் கொடுத்திருப்பதால் ஊரில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

ஊருக்கு ஒழுங்கான இறங்குதுறை இல்லை; பனைமரத்தில் தாங்களே கட்டிய ஆட்டமான தட்டு ஒன்றுதான் இருந்தது. வாடைக்காற்று எழும்பினால் வள்ளங்கள் கல்லில் மோதிப் பிளக்கும். தம்பிராசாவின் வள்ளம் இரண்டு மாரியில் இரண்டு தரம் பிளந்துவிட்டது. கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் குறை கேட்க வருகிறார் என்றதும், ஆழ்வாப்பிள்ளையே 'தூதுக்குழுத் தலைவர்' என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

"ஐயா, ஜெற்றி வேணுமெண்டு கேளுங்கோ," என்றான் தம்பிராசா.

"ஜெற்றியோ? உது கூலியள் கதைக்கிற சொல்லு. துரைமார் பியர் எண்டுதான் சொல்லுவினம்."

"என்னத்தையெண்டாலும் கேளுங்கோ. என்ரை வள்ளம் தப்பினாக் காணும்."

துரைமார் அப்படியும் சொல்வார்கள்; பொய்யில்லை. 'பென்சி'லின் 'ப'வை உதட்டில் வெடிக்க வைத்தால் அது துறை. 'பஸ்'ஸின் 'ப'வை மெத்தென்று விட்டால் அது போத்தல்.

சம்பாஷணை உயர்ந்த ஆங்கிலத்தில் நடந்தது.

"எங்கள் ஊருக்கு அவசரமாக ஒரு பியர் வேண்டும்," என்றார் ஆழ்வாப்பிள்ளை, மெத்தென்று.

அதிகாரி பேனாவை மூடினார். "யாருக்கு?"

"முழு ஊருக்கும். ஆண்கள் விடிந்ததும் அதில்தான் நிற்பார்கள். பெண்கள் இப்போதே முழங்கால் தண்ணீரில் காத்து நிற்கிறார்கள்."

"இவ்வளவு காலமும் என்ன செய்தீர்கள்?"

"பனையில் நாங்களே ஒன்று செய்து வைத்திருக்கிறோம். பலம் காணாது. போன கிழமையும் இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள்."

அதிகாரி அனுதாபத்தோடு பேனாவைத் திறந்தார்.

"ஜெற்றி, சேர்! ஜெற்றி!" என்று பின்னால் நின்ற தம்பிராசா கத்தினான்.

"நீர் சும்மா இரும், தம்பிராசா! மானத்தை வாங்காதையும்."

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியை மாட்டி, தலையை மூன்று தரம் ஆட்டி, "சாங்சன்! அனுமதி கிடைச்சிட்டுது!" என்றார். மாலை போட்டார்கள், சீனவெடி கொளுத்தினார்கள். அடுத்த கிழமை பலகை வந்தது. வந்தவர்கள் கடற்கரையில் ஓர் அறையை அடித்து, முன்பக்கம் நீள மேசை ஒன்றும் போட்டார்கள்.

"கடலுக்கை போடுறதை ஏன் ஐயா கரையிலை கட்டுறாங்கள்?"

"முதல் ஒபீஸ், பிறகுதான் துறை. அதுதான் அரசாங்க ஒழுங்கு."

அதற்கு அடுத்த கிழமை லொறி நிறையப் போத்தல் வந்து இறங்கியது. தம்பிராசாவின் பெண்சாதி அருமைநாயகி ஒரு போத்தலைத் தூக்கிக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இதிலையோ ஐயா வள்ளம் கட்டுறது?"

கூட்டம் சிரித்தது. தம்பிராசா சிரிக்கவில்லை. வாடை தொடங்க இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது.

"அந்தக் கடிதத்தை இன்னொருக்கா வாசியுங்கோ ஐயா."

ஆழ்வாப்பிள்ளை வாசித்தார். 'பியர்' என்ற சொல் கடிதத்தில் மூன்று இடத்தில் இருந்தது. விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்து, அரசாங்கம் பிழையேதும் விடவில்லை என்று ஊருக்கு உறுதியளித்தார்.

இறங்குதுறைக்கு உரிய ஆங்கிலச் சொல்லை அவர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் எழுத்தில் கண்டதில்லை.