கணக்கை முடிக்கச் சொன்ன பெண்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இது என் சொந்த வேண்டுதல், வெப்சைட்டில் பதியவில்லை.

திங்கட்கிழமை காலை சம்பவத்தின்போது இருந்தவர்கள் மூன்று பேர்: கணினி முன்னால் நான், கண்ணாடி முன்னால் பாதி முகம் சவரம் செய்தபடி உன் அத்தான், ஊசி கேட்டு வந்து ஊசி வாங்கிய பிறகும் போகாத கீழ்வீட்டுத் தையல்காரம்மா. பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாதென்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

நீ செய்து கொடுத்த ‘வேண்டுதல் பெட்டி’ வெப்சைட்டில் இதுவரை நாற்பத்தொரு பேர் பெயர், போன் நம்பர், வேண்டுதல் எல்லாம் பதிந்திருக்கிறார்கள். தினமும் ஒருவர் விடாமல் பெயர் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். பக்கத்தின் அடியில் ‘உங்கள் விவரங்களை மூன்றாம் நபருக்குத் தரமாட்டோம்’ என்று எழுதியிருக்கிறாய். நான் முதல் நபர், நீ இரண்டாம் நபர், அப்படியானால் மூன்றாம் நபர் உன் அத்தான்தானே? அவர் அறைக்குள் வந்தாலே திரையைத் துண்டால் மூடுகிறேன். “முப்பது வருஷத்துல இல்லாம இப்ப எங்கிட்ட மறைக்க என்னடி வந்துச்சு?” என்கிறார். வாக்கு வாக்குதான் என்று வாயைத் திறக்கவில்லை.

அன்று ஒரு பெண்ணிடமிருந்து மெயில்: ‘என் கணக்கை முடித்துவிடுங்கள். தாமதம் வேண்டாம்.’ கணக்கை முடிப்பதென்றால் ஆளைத் தீர்ப்பதுதானே! “நம்பர் இருக்கில்ல, பேசுங்க!” என்று தையல்காரம்மா கத்த, அவள் பதிந்திருந்த ஆபீஸ் நம்பரில் கூப்பிட்டேன். ஓர் ஆண் குரல்.

“சார், அந்தப் பொண்ணு உயிரோட இருக்கா?”

“எதிர்லதான் உக்காந்து ஃபைல் பாக்குறாங்க. நீங்க யாரு?”

“அப்பாடா! மேனேஜர் கடுவன் பூனைக்கு மாற்றல் வரணும்னு வேண்டியிருந்தாங்க சார். பலிக்கலைன்னு மனசு விட்டுட்டாங்க போல. கொஞ்சம் பாத்துக்குங்க.”

“அந்தக் கடுவன் பூனை நான்தாம்மா.”

மத்தியானம் அவளே கூப்பிட்டு அழுதாள். “ஐயோ ஆன்ட்டி, வெப்சைட்ல இருக்கற என் கணக்கைத்தான் முடிக்கச் சொன்னேன்! பேரு நம்பரெல்லாம் அழிச்சிடுங்கன்னு அர்த்தம். இப்ப என் வேலைக்கே கணக்கு முடியப் போவுது!” அந்த மேனேஜர், வெள்ளிக்கிழமைக்குள் அவள் வேண்டுதலை அப்படியே எழுத்தில் அனுப்பும்படி என்னிடம் கேட்கிறார். அழித்துவிட்டு இல்லையென்றால் பொய். அழிக்காமல் கொடுத்தால் துரோகம். வாக்குக் கொடுத்தது நீ, வாயை விட்டது நான், வேலை போவது அவளுக்கா? அழிக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது? அழித்த பிறகு அவளுக்காக வேண்டவும் கூடாதா? பெயர் எனக்கு மனப்பாடமாகிவிட்டதே, அதை எந்தப் பொத்தானால் அழிப்பது?

மற்றவர்களைப் பற்றிக் கவலைப்படாதே. மின்சாரம் போனாலும் அழியாதிருக்க நாற்பத்தொரு பேரையும் நோட்டில் மையால் எழுதி, பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருக்கிறேன். ஒரு ஈ கூடப் பார்க்க முடியாது.

கடவுள் உன்னைக் காக்கட்டும், எனக்கும் வழி காட்டட்டும்.

உன் அக்கா

பி.கு.: வீட்டில் வேறு தாள் இல்லாததால் அந்த நோட்டிலிருந்தே ஒன்றைக் கிழித்து எழுதியிருக்கிறேன். பின்பக்கத்தைப் படிக்காதே. உன் தெருப்பக்கம் வருகிற தையல்காரம்மாவிடம்தான் கொடுத்தனுப்புகிறேன், அவரையும் படிக்கக் கூடாதென்று சொல்லிவிட்டேன். சத்தியமாகப் படிக்கவில்லையாம், ஆனால் ஐந்தாவது ஆளுக்கு இன்னுமா கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கிறார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பதில் போடு.