கொர்னேலியஸ் கோலி மீட்ட படலம்

தங்கவயல் பெருமக்களே, செவி சாய்த்தருளுங்கள். பொன் விளையும் பூமியில் பொன்னைத் தொடாமலே பொருள் ஈட்டத் துணிந்தவனும், நிலத்தைப் பிடித்த மன்னரெல்லாம் நாணும்படி காற்றைப் பிடித்துக் கண்ணாடிக்குள் அடைத்தவனும், ஞாயிறுதோறும் கோயிலில் தாழ்ந்த குரலில் பாடி உயர்ந்த குரலில் தும்முபவனும், ஸ்கெலட்டன் சோடா கம்பெனி என்னும் மாபெரும் நிறுவனத்தின் தந்தையும் தாயும் எடுபிடியும் ஒருங்கே ஆனவனுமாகிய கொர்னேலியஸ் என்னும் முதலாளியின் புகழைப் பாடப் புகுகின்றேன். எந்தத் தெய்வத்தை முதலில் வணங்குவது என்பதில் எனக்குச் சிறு குழப்பம் உண்டு. நாயகன் வேதக்காரன், பங்குதாரி மாரியம்மன் பக்தை, பாடுகிற நான் இரண்டு பக்கமும் பிரசாதம் வாங்குகிறவன். ஆகையால் ஏப்பத்துக்கு அதிபதி எவரோ, அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும், என் நாவில் வந்து அமர்வாராக. இடம் போதவில்லை என்றால் வெற்றிலையைத் துப்பிவிடுகிறேன்.

முதலாளி ஆவதற்கு முன் நம் நாயகன் சுரங்க வாயிலில் கேஜுக்கு மணியடித்துக் கொண்டிருந்தான். பாதாளத்திலிருந்து ஆட்களைச் சுமந்து அந்த இரும்புக் கூண்டு மேலே வரும்போதெல்லாம், கல்தூள் அப்பிய தொண்டைகளோடு, பேசவும் ஈரமில்லாத நாக்குகளோடு, மனிதர்கள் இறங்கி நடப்பதை அவன் கண்டான். அவர்கள் நேரே வீட்டுக்குப் போக முடியாது என்பதையும் கண்டான். பொன்னை ஒளித்து எடுத்துப் போகிறார்களா என்று தலைப்பாகை முதல் தாம்பூலப் பை வரை அவிழ்த்துப் பார்க்கும் சோதனைக்காக முற்றத்தில் வரிசை கட்டி நிற்க வேண்டும். அந்த வரிசை நகரும் வேகத்துக்கு நத்தையைச் சொன்னால் நத்தை கோபித்துக்கொள்ளும். சோதனை முடிந்து வெளியே வந்தால் எதிரில் சாராயக் கடை. ஆக, கேஜுக்கும் கதவுக்கும் நடுவே, தாகம் மிகுந்து சாராயம் எட்டாத ஒரு பொன்னான இடம் யாரும் உழாமல் கிடப்பதை உலகிலேயே கொர்னேலியஸ் ஒருவன்தான் உணர்ந்தான். அன்றே மணிக்கயிற்றை விட்டான். மறுநாளே அந்தக் கயிற்றை வேறொருவன் பிடித்துக்கொண்டான்.

மூலதனம் வேண்டுமே. ஸ்கெலட்டன் லைன் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் இட்லிக் கடை நடத்திய தாயம்மா, ஆவியிலிருந்து செல்வம் எடுக்கும் வித்தையை முன்பே அறிந்தவள். அவள் முன் சென்று நின்று நம் நாயகன் தன் திட்டத்தை விரித்துரைத்தான்.

“காத்த வித்தா யாரு தம்பி வாங்குவாங்க?” என்றாள் தாயம்மா.

“தண்ணியோட சேத்து வித்தா வாங்குவாங்கக்கா.”

அவள் நெடுநேரம் சட்டினியைக் கிண்டினாள். பிறகு கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையையும் தன் சேமிப்பையும் கொடுத்து, ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். “கம்பெனி படுத்துச்சுன்னா ஓடிப் போவக்கூடாது. என் கடையில மாவாட்டணும். நான் போதும்னு சொல்றவரைக்கும்.” ஆட்டுக்கல் மூலையில் கறுத்துப் பருத்து உட்கார்ந்திருந்தது. நாயகன் அதைப் பார்த்தான். ஆனாலும் கொட்டகை வாசலில் தன் கம்பெனியின் பெயர்ப் பலகையை அன்று மாலையே ஆணி அடித்து மாட்டினான்.

சென்னப்பட்டணத்திலிருந்து இயந்திரம் வந்தது. கடல் கடந்து புட்டிகள் வந்தன. அவற்றின் அழகை எப்படிச் சொல்வேன். பச்சைக் கண்ணாடி மேனி, நெரித்துவிட்டாற்போன்ற கழுத்து, அக்கழுத்துக்குள் பிறவிச் சிறைவாசியாக ஒரு கோலி. காற்றின் அழுத்தம் உள்ளவரை அது வாயை அடைத்து நிற்கும். கட்டைவிரலால் ஒரு குத்துக் குத்தினால் டப்பென்று உள்ளே விழுந்து உருளும். உருளுமே தவிர, புட்டியை உடைத்தாலன்றி வெளியே வராது. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் மாட்டு வண்டியில் எப்போது வேண்டுமானாலும் வரும், காற்றுக்கும் பஞ்சமில்லை. ஆனால் புட்டி போனால் போனதுதான், கம்பெனியின் உயிர் முழுவதும் அந்தப் புட்டிகளில்தான் இருந்தது. குடித்துத் தீர்ந்த ஒவ்வொரு புட்டியும் பிள்ளை பள்ளிவிட்டு வருவதுபோல மாலையில் வீடு திரும்பியாக வேண்டும்.

சுரங்கத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரையிடம் சலாம் போட்டு அனுமதி பெற்று, முதல் நாள் காலை, புட்டிகளில் பாதியைக் கூடையில் ஏற்றி நாயகன் முற்றத்துக்குள் புகுந்தான். கேஜ் ஏறி வந்தது. டப்பென்ற முதல் ஓசையைக் கேட்டு, சுரங்கத்தில் வெடி கேட்டுப் பழகியவர்களாதலால், நாலு பேர் கீழே படுத்துக்கொண்டார்கள். எழுந்து வந்து குடித்தார்கள். குடித்தவன் குடிக்காதவனிடம் சொன்னான், குடிக்காதவன் ஓடி வந்தான். புட்டிகள் காலியாகும் வேகத்தில் கொர்னேலியஸின் நெஞ்சு நிறைந்தது. கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, படையை வென்று திரும்பும் தளபதி நடையில், கோலிகள் கலகலவென்று முழங்க, கதவை நோக்கி நடந்தான்.

கதவில் எல்லப்பா நின்றான்.

அவனைப் பாடாமல் இந்தக் கதை நகராது. சோதனைச் சாவடியின் ஜமேதார். மீசையை முறுக்கத் தெரிந்தவன், விதியை முறுக்கத் தெரியாதவன். உள்ளே போவது எதுவானாலும் அவனுக்குக் கவலையில்லை, வெளியே வருவதே அவன் வேதம். அவனுக்கு முன்னிருந்த காவலன், தின்று மிஞ்சிய கேழ்வரகுக் களி உருண்டை ஒன்றை, வயிற்றுச் சோறுதானே என்று இரங்கி வெளியே விட்டான். களிக்குள் பொன்கல் இருந்தது. களி போன வழியிலேயே காவலன் வேலையும் போயிற்று. அன்று முதல் எல்லப்பா, உருண்டையான எதையும் உடைத்துப் பாராமல் விடுவதில்லை என்று நோன்பு பூண்டான். களியை உடைத்தான், பொரி உருண்டையை உடைத்தான், ஒருவன் தான் தின்னாமல் மகளுக்கென்று கொண்டுபோன கொய்யாவைப் பிளந்தான். அவனுக்கும் வீட்டில் ஐந்து வயிறு இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

“உள்ள இன்னாய்யா உருளுது?”

“கோலிங்க ஜமேதாரே.”

“எடுத்துக் காட்டு.”

“எடுக்க வராதுங்க. ஒடைச்சாத்தான் வரும்.”

“அப்ப ஒடை.”

இரு மலைகள் எதிரெதிரே நின்றன. நடுவில் கூடை இருந்தது. கண்ணாடியின் வழியே கோலி தெரிகிறதே, அதுவும் கண்ணாடிதானே என்று நாயகன் வாதிட்டான். பொன்னின் மேல் பச்சை பூசினால் அதுவும் அப்படித்தான் தெரியும் என்று எல்லப்பா மறுத்தான். இறுதியில் கொர்னேலியஸ், குலத்தைக் காக்க ஒருவனைப் பலி கொடுப்பது என்று முடிவு செய்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு புட்டியை எடுத்து வாயிற்கல்லில் மோதினான். அந்த ஓசை அவன் பல்லில் கேட்டது. எல்லப்பா கோலியை எடுத்து, தேய்த்து, கடித்து, கல்லால் நசுக்கிப் பார்த்தான். கண்ணாடி.

“பாத்தீங்களா. மத்ததும் இதேதான்.”

“இது இது. அது அது,” என்றான் எல்லப்பா. “ஒரே ஒரு களிய ஒடைக்காம வுட்டதாலதான்யா முன்ன இருந்த ஆளு வூட்டுக்குப் போனாரு. ஆகல்ல, ஆவாது. ஒவ்வொண்ணா ஒடை.”

ஒவ்வொன்றாக உடைத்தால் வெளியே வருவது கோலி மட்டுந்தான். கம்பெனி கோலி விளையாடப் பிறந்ததல்ல. ஆகவே புட்டிகள் காவல் அறையின் அலமாரியில் கைதிகளாக வரிசையில் ஏறின. நாயகன் வெறுங்கூடையோடு வீடு சேர்ந்தான்.

முற்றுகை தொடங்கியது. துரையிடம் முறையிட்டான். காவல் விஷயத்தைக் காவலனிடம் பேசு என்று துரை சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். காவலனிடம் பேசினான். உடை என்றான் காவலன். எஞ்சிய புட்டிகளை உள்ளே கொண்டுபோனால் அவையும் சிறைப்படும். வெளியே வைத்து விற்றாலோ, சோதனை முடிந்தவன் கால் சாராயக் கடைக்குத்தான் திரும்பும். வீட்டில் தாயம்மா ஆட்டுக்கல்லைக் கழுவித் துடைத்து, உளுந்தை ஊறப்போட்டு, பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு வைத்தாள். அந்த மணை அவன் உட்காரும் அளவுக்கே இருந்தது. மணியடிக்கிறவனாகவே செத்திருக்கலாம் என்று அன்று அவன் மனம் வெறுத்துப் போனது.

மறுநாள் மாலை, எஞ்சிய புட்டிகளை நிரப்பிக்கொண்டு, விற்பதற்கன்றித் துக்கம் காப்பதற்கே, கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்தான். கதவு என்பது பகலில் மார்பளவுக்குக் குறுக்கே போட்ட ஒரு மரத்தடி. தடிக்கு உள்ளே வரிசை, வெளியே நாயகன். வரிசையின் முன்னணியில் நின்ற தங்கவேலு, பாறையில் துளை போடும் பெருந்தோளன், வாய்க்குள் புழுதியை மென்றபடி புட்டியைப் பார்த்தான். எல்லாத் தாகமும் அவன் ஒருவனிடம் வந்து நின்றது.

“ஒண்ணு குடுய்யா.”

“தர மாட்டேன். உள்ள வந்தா வெளிய வராது.”

“புட்டி எதுக்கு உள்ள வரணும்? கழுத்த நீட்றேன், ஊத்து.”

இப்படிச் சொல்லி, இரு கைகளையும் தடியின் மேல் ஊன்றி, கழுத்தைக் கதவுக்கு வெளியே நீட்டி, எச்சில் படாமல் குடிக்கும் நம்மவர் வழக்கப்படி வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தான் தங்கவேலு. கொர்னேலியஸ் யோசிக்கவில்லை. கோலியைக் குத்தி, புட்டியை உயர்த்தி, அந்தக் குகைக்குள் அருவியாய் இறக்கினான். புட்டி எல்லையைத் தாண்டவில்லை, ஆள் தாண்டவில்லை, தொண்டை மட்டும் தாண்டியது.

“நில்லு,” என்று பாய்ந்து வந்தான் எல்லப்பா. சோதிக்காத தலை ஒன்று வெளியே வந்திருக்கிறது. அந்தத் தலையை உள்ளே தள்ள அவன் குனிந்தபோதுதான், சோடாவின் காற்று தங்கவேலுவின் வயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே புறப்பட்டது. அந்த ஏப்பத்தின் பெருமையை நான் அளந்து சொல்ல மாட்டேன். சாராயக் கடையில் பேச்சு நின்றது என்பது மட்டும் உண்மை. ஆனால் எல்லப்பா கண்டது வேறு. மாலை வெயிலில், அகலத் திறந்த வாயின் மேலண்ணமும் கடைவாயும் நாக்கின் அடியும் ஒளிவு மறைவின்றி அவன் கண்முன் கிடந்தன. தலைப்பாகையை அவிழ்க்கலாம், களியை உடைக்கலாம், ஆனால் ஆவென்று சொல் என்றால் பாதி வாயைத் திறந்து பல்லைக் காட்டும் இந்த மனிதர்களின் வாயை மட்டும் அவன் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. பொன்கல்லைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு சோடா குடிக்கவோ, அப்படி ஓர் ஏப்பம் விடவோ எவனாலும் ஆகாது. பல இரவு தூக்கத்தைக் கெடுத்த கவலை அவன் முகத்திலிருந்து இறங்கி மறைந்தது.

“கை உள்ள இருக்கணும். கழுத்து மட்டும் வரலாம்,” என்று எல்லப்பா பிரகடனம் செய்தான். “எல்லாரும் குடிச்சுட்டுத்தான் போவணும்.”

குடித்தார்கள். ஒருவர் பின் ஒருவராய்க் கழுத்துகள் நீண்டன, வாய்கள் வானம் நோக்கின, ஏப்பங்கள் எழுந்தன, ஜமேதார் எட்டிப் பார்த்து அடுத்தவனைக் கூப்பிட்டான். பாதி வரிசையில் சோடா தீர்ந்தது. மீதி வாய்கள் இறுகி நின்றன.

“நாளையிலேர்ந்து வரிசைக்கே பத்துற மாதிரி கொண்டாய்யா,” என்றான் எல்லப்பா, முதல் முறையாகக் கெஞ்சும் குரலில்.

“அத்தினி புட்டி இல்லீங்க. மீதி உங்க அலமாரியில கீது.”

எல்லப்பா மீசையை விட்டுவிட்டான். விதியும் வேலையும் அவன் நெஞ்சுக்குள் கட்டிப் புரண்டன. பிறகு அவன் நிமிர்ந்தான்.

“என் ரூம்புல, என் கண்ணு முன்னால இருந்த புட்டி. நானே எடுத்துகினு வரேன். என்னைச் சோதிக்கறவன் யாரு?”

எவன் கையால் சிறைப்பட்டனவோ அவன் கையாலேயே, இரு பக்கமும் சுரங்கத்துச் சேனை விலகி வழிவிட, பச்சைப் புட்டிகள் மார்போடு அணைக்கப்பட்டு, தம் கோலிகள் கலகலக்க எல்லையைக் கடந்து வந்து கொர்னேலியஸின் கூடையில் இறங்கிய அந்தக் காட்சியை, செய்தி கேட்டு மாவுக் கையோடு ஓடி வந்த தாயம்மாவும் கண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஒரு புட்டி கொறையுதே தம்பி,” என்று மட்டும் கேட்டாள். நாயகன் அழுதான், வெட்கப்படாமல் அழுதான். அன்று முதல் ஸ்கெலட்டன் சோடா கம்பெனியில் இயந்திரம் ஓயவில்லை. ஷிப்டு முடியும் வேளையெல்லாம் கதவருகே ஏப்பம் முழங்கியது. பகையை மறந்த எல்லப்பா ஓய்வு நாளில் கொட்டகைக்கே வந்து, அந்த இயந்திரம் என்ன விலை, காற்றை எங்கே வாங்குகிறாய், புட்டிக்கு யாருக்கு எழுத வேண்டும் என்றெல்லாம் அன்போடு விசாரித்தான். நம் நாயகன், வென்றவனுக்கே உரிய பெருந்தன்மையோடு, ஒன்றையும் மறைக்காமல் விளக்கினான். வாழ்க அவன் கொற்றம், வளர்க அவன் குமிழி, பாதாளம் உள்ளளவும் பாலாறு உள்ளளவும் அந்தப் பெயர்ப் பலகை ஒளிவீசி நிற்க.

அடுத்த மாதம் எல்லப்பா வேலையை விட்டுவிட்டு, கதவருகே நம் நாயகனுக்கு எதிர்ப்புறத்தில் ஒரு சோடாக் கடை வைத்தார்.