கேட்டைப் பூட்டாத கடலண்ணன்

தமிழ்நாட்டில் ஒழுங்காக ஆள் எண்ணத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பனியன் கம்பெனி வாட்ச்மேன் கடலண்ணன். நாமெல்லாம் குத்துமதிப்பாகச் சொல்கிறவர்கள்.

தூத்துக்குடிப் பக்கம் பாதி ஆயுள் மீன்பிடித்துவிட்டு எங்கள் கம்பெனி இருக்கிற நல்லூருக்கு வந்து சேர்ந்தவர். குரலா அது! கேட்டில் நின்று இருமினால் பத்து மைல் தள்ளி மங்கலத்தில் ஓடுகிற தறி நிற்கும். காலையில் உள்ளே போகிறவர்களை எண்ணுவார், மாலையில் வெளியே வருகிறவர்களை எண்ணுவார். இரண்டும் ஒத்துவந்தால், "எல்லாரும் கரையேறியாச்சு!" என்று ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் பூட்டு.

ஒருமுறை, சரக்கு வாங்க வந்த ஜெர்மனி பையர் ஒருவர் பின்கேட் வழியாகக் காரில் போய்விட்டார். "வெள்ளக்காரரு ஒருத்தரு உள்ள கெடக்காரு!" என்று கடலண்ணன் ஒரே பிடிவாதம். கடைசியில் முதலாளி, கோவை விமான நிலையத்தில் இருந்த பையருக்குப் போன் போட்டு, "நான் வெளியே இருக்கிறேன்" என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தார். மானம் போனது என்னவோ எங்களுக்குத்தான்.

நான் டைம் ஆபீஸ் கிளார்க். வரும்போதும் போகும்போதும் எல்லோரும் கார்டு தட்டுகிற மெஷின்மேல் எனக்குப் பக்தி. "மெஷின் இருக்குதுங்களே, எதுக்குங்ணா இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"ஒருநா எண்ணாம கரையேறிட்டோம் தம்பி. கூடப்பொறந்தவன் அடுத்த போட்டுல வாரான்னு நெனச்சேன். வரல."

அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அந்தச் சனிக்கிழமை மாலை. எல்லோரும் போயாச்சு என்றது மெஷின். "ஒரு ஆளு கொறையுது" என்று கேட்டுக்குக் குறுக்கே நின்றார் கடலண்ணன். முதலாளி காரைவிட்டு இறங்கினார்.

"ஏனுங்ணா, இன்னைக்குமா? இப்படியே பண்ணுனீங்கன்னா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாமுங்க!"

"நாளைக்கு ஞாயித்துக்கெழம மொதலாளி, யாருமே வரமாட்டாவ. அதுக்குத்தான் சொல்லுதேன்."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே நடந்தார். மாடி மாடியாக, "யாருலே உள்ள?" என்று கத்தினார். மூன்றாவது மாடியில் சரக்கு லிஃப்டுக்குள்ளிருந்து லேசாக ஒரு தட்டல் கேட்டது. செக்கிங் பிரிவில் வேலை செய்கிற மல்லிகா! லிஃப்ட் பழுதாகிப் பாதியில் நின்றிருக்கிறது. தையல் மெஷின்களின் இரைச்சலில் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அவள் முன்னாலேயே போய்விட்டாள் என்று நினைத்து, தோழி அவளுடைய கார்டையும் சேர்த்துத் தட்டிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். வெளியே தூக்கியதும் கடலண்ணன் கையைப் பிடித்த மல்லிகா, கேட் வரைக்கும் விடவே இல்லை. திங்கட்கிழமை வரை அங்கேயே கிடந்திருந்தால்?

அதற்கப்புறம் முதலாளியே தினமும் காரில் காத்திருந்து, "எல்லாரும் கரையேறியாச்சுங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். எங்கள் வாட்ச்மேன் என்று சொல்லும்போது நாங்கள் ஒவ்வொருவரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோம். மெஷின்மேல் எனக்கிருந்த பக்தியும் அன்றோடு போயிற்று.

போன மாதம் சொந்த ஊரில் கடலண்ணன் இறந்துபோனார். வேன் பிடித்துப் பன்னிரண்டு பேர் போனோம், மல்லிகாவும் வந்தாள். அடக்கம் முடிந்து எல்லோரும் வேனில் ஏறியதும் முதலாளி எழுந்து நின்று எண்ணினார். ஒரு ஆளும் குறையவில்லை.

ஆனாலும், வண்டியை எடு என்று சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை.