ஜீமாவைத் தாண்டாத லார்பி

கொனோங்கோ,
ஞாயிறு மாலை

மதிப்பிற்குரிய மைத்துனர் அஜெமாங் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை அக்கோசுவாவும் நலம். அங்கே உங்கள் கோகோ மரங்களும் மூட்டுவலியும் எப்படி என்று எழுதவும். நிற்க. உங்கள் மருமகள், என் மகள் செர்வாவுக்கு மாப்பிள்ளை கிடைத்துவிட்டான். கண்டுபிடித்தவன் நான்.

பெக்வாய் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரன் ஜீமாவைத்தான் சொல்கிறேன். பதினோரு வருடமாக ஆடுகிறான், ஒரு கோல்கூட அடித்ததில்லை. போன வாரம் என் முன்னால் வந்து நின்று, முறைப்படி பெண் கேட்டுக் கதவு தட்டப் பெரியவர்களோடும் சீர் மதுப் பாட்டிலோடும் எப்போது வரட்டும் என்றான். எனக்கு வந்ததே கோபம். "பதினோரு வருஷத்துல ஒரு கோல் போடத் துப்பில்ல, நீ என் பொண்ணுக்குச் சோறு போடப்போறியா? வர்ற ஞாயித்துக்கிழமை மேட்ச்ல எங்க டீம் லார்பி பந்தோட உன்னை ஒரே ஒரு தடவை தாண்டிட்டான்னு வையி, என் வாசப்படி மிதிக்காத" என்றேன். "தாண்டலேன்னா?" என்றான். "பாட்டிலோட வா" என்றேன். உள்ளே செர்வா பானையை இறக்கிய சத்தத்தில் அடுப்பே ஆடியது.

மச்சான், நாற்பது வருடம் கொனோங்கோ கொடியை ஆட்டியவன் நான். இன்றைய இறுதி ஆட்டத்திலும் தொண்டை கிழியக் கத்தினேன். லார்பி சீறிக்கொண்டு வந்தான். ஜீமா விழவில்லை, சறுக்கவில்லை, காலை நீட்டவில்லை. வந்த விருந்தாளியைத் தெருமுனைவரை கூடவே போய் வழியனுப்புவோமே, அப்படிப் பக்கத்திலேயே ஓடி, மூலைக்கொடிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, பந்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினான். எட்டுத் தடவை. அவன் வெள்ளை டிரவுசரில் ஒரு பொட்டு மண் இல்லை. பக்கத்தில் இருந்த இறைச்சிக்கடை போட்டெங், "உங்காளு மூலைக்கொடிக்கே குடி போயிட்டான்யா" என்று சிரித்தார். கடைசி நிமிடத்தில் லார்பி பந்தோடு தனியாகப் பாய்ந்தபோது எனக்கு என்ன ஆனதோ, "விடாத ஜீமா, விடாத" என்று கத்திவிட்டேன். அவன் விடவில்லை. ஒரு கோலில் கோப்பை போச்சு. ஊரே என்னைத் துரோகி என்று ஏசி, கையிலிருந்த கொடியைப் பிடுங்கிக்கொண்டது. ஆனால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை மச்சான். இப்படிக் காவல் நிற்கிறவனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்கு என் பெண்ணைக் கொடுப்பேன்?

ஆகவே தாய்மாமன் என்ற முறையில் தாங்கள் சம்மதம் தந்து, கதவு தட்டும் நாளைக் குறித்து அனுப்பவும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தோற்ற ஊரில் ஜெயித்த ஒரே ஆள்,
க்வாகு பாடு

பி.கு.: உறையை ஒட்டும்முன் செர்வா வாங்கிப் படித்தாள். "அப்பா, ஜீமா வீட்டுப் பெரியவங்க ஈஸ்டருக்கே மாமா வீட்டுக் கதவைத் தட்டிட்டாங்க. மாமா சம்மதிச்சு, பாட்டிலைத் திறந்து குடிச்சும் ஆச்சு. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் ஜீமாவை உங்ககிட்டயும் கேக்கச் சொன்னோம்" என்கிறாள். அப்படியென்றால் என் கொடி போனது எதற்கு மச்சான்? பாட்டிலில் மிச்சம் இருந்தால் அதையாவது அனுப்பிவையுங்கள்.