சங்கு கணித்த சாவுகள்

மனிதன் எத்தனை விதமாகச் சாகலாம் என்பதைச் சங்குவைப் போல நுணுக்கமாக ஆராய்ந்தவர் எமலோகத்தில்கூட இருக்க மாட்டார்.

எழுபதுகளின் தொடக்கம். நாங்கள் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தோம். நடிப்பு அல்ல, மேடை அமைப்பு, விளக்கு, திரை, கயிறு என்று பின்னால் நடக்கும் வேலைகள். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி திருவள்ளூரிலிருந்து தினமும் ரயிலில் வந்த சங்கு. அவள் கத்தினால் ஆலைச் சங்கு தோற்கும் என்பதால் அந்தப் பெயர்.

மேடைக்குள் நுழைந்ததும் அவள் அண்ணாந்து பார்ப்பாள். பிறகு எங்களைப் பார்ப்பாள். யார் எப்படிச் சாவோம் என்று உடனே சொல்லிவிடுவாள்.

“நீ சுத்தியலால சாவடி” என்றாள் என்னிடம், முதல் வாரமே. “உன் சுத்தியல் இல்ல. மேல குந்திக்கினு கீறானே, அவன் கை நழுவுற சுத்தியல்.”

கதாநாயகனாக நடிக்க வந்த மாணவன் வெறுங்காலோடு நடந்தான். “யோவ், ஆணி ஏறினா தாடை பூட்டிக்கும். வசனம்கூட பேச வராம போய்ச் சேருவ” என்றாள். அவன் அன்று மாலையே டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டான்.

பேராசிரியரையும் விடவில்லை. அவர் திரைச்சீலை ஓரம் நின்று சிகரெட் பிடிப்பவர். “சார், அது பக்கத்துல பத்த வெச்சீங்கன்னா, உங்களுக்குக் கொள்ளி வெக்கத் தனியா ஆளு வேணாம் சார்.” பேராசிரியர் அந்த வருடம் வெற்றிலைக்கு மாறிவிட்டார்.

“ஏன்டி இப்படி எல்லாரையும் மிரட்டறே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எங்க நைனா காக்களூர் பட்டறைல லேத் ஓட்டறாரு. அங்க சங்கு நேரந்தவறி ஊதினா, எவனோ மெஷின்ல மாட்டிக்கினான்னு அர்த்தம். எல்லா ஊட்லேர்ந்தும் பொம்பளைங்க கேட்டுக்கு ஓடுவாங்க. யார் ஊட்டு ஆளுன்னு தெரியாம ஓடணும். நீ ஓடிக்கீறியா?”

நான் ஓடியதில்லை. அதற்குப் பிறகு அவளைக் கேலி செய்யவும் இல்லை.

இறுதித் தேர்வுக்கு வெளியூரில் ஒரு நாடகம் போட வேண்டும். காக்களூரில் காலியாகக் கிடந்த ஒரு கிடங்கை அவள் அப்பாவே கேட்டு வாங்கிக் கொடுத்தார். பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்தின் கதை. சவுக்குக் கட்டைகளைக் கட்டி, சாக்குத் துணி போர்த்தி, கூரை முட்டும் உயரத்தில் ஒரு கலங்கரை விளக்கம் எழுப்பினேன். படிப்பு முழுவதிலும் நான் செய்ததிலேயே பெரியது அதுதான். எதிரே உட்கார்ந்து அதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

சங்கு விடவில்லை. “நீ மெயின் சுவிட்ச்சாண்ட குந்து.”

“என் செட்டை நான் பார்க்க வேண்டாமா?”

“பொணமாப் பாப்பியா, உசுரோட பாப்பியா? குந்துடி. நான் கத்தினா கேள்வி கேக்காம இழு.”

அவள் பயந்தது டிம்மருக்கு. அந்தக் காலத்தில் பீங்கான் குழாய்க்குள் உப்புத் தண்ணீர் ஊற்றி, அதில் மின்சாரத் தகட்டை இறக்கி ஏற்றி விளக்கைக் கூட்டிக் குறைப்போம். தண்ணீரும் மின்சாரமும் ஒரே குழாயில். அதை வேறு யாரையும் தொட விடாமல், மரப்பலகை மேல் நின்றுகொண்டு அவளே இயக்கினாள். நான் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து அவளைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

மேடை என்று தனியாக ஒன்றும் இல்லை. கிடங்கின் சிமென்ட் தரைதான். மீனவர்களாக நடித்தவர்கள் வெறுங்காலோடு வரிசையாகக் குந்தியிருந்தார்கள். கதாநாயகன் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று, புயலில் போன தம்பியைக் கூவி அழைத்தான். பட்டறைத் தொழிலாளிகள் குடும்பத்தோடு வந்து கிடங்கை நிறைத்திருந்தார்கள்.

அப்போது விளக்கு ஒருமுறை துடித்தது. சங்குவின் முகத்தைப் பார்த்தேன். அவள் நடிகர்களைப் பார்க்கவில்லை; தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் விரிசல் விட்டிருந்தது. உப்புத் தண்ணீர் கோடாக நெளிந்து, குந்தியிருந்தவர்களின் கால்களை நோக்கி ஓடியது.

“இழுடீ!”

தகரக் கூரை அதிர்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கைப்பிடியைக் கீழே இழுத்தேன்.

கும்மிருட்டு. உச்சியிலிருந்து கதாநாயகன், “ஐயோ அம்மா!” என்று அலறினான். அது வசனத்தில் இல்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. யாராவது எழுந்து ஓடினால் நெரிசலில் என்ன ஆகும் என்று நினைத்ததும் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் காலடிக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்றும் தெரியவில்லை.

“எவனும் அசையாத!” சங்குவின் குரல். “குந்தினவன் குந்தினபடியே இரு. மேல கீறவனே, கட்டையக் கட்டிப் புடிச்சிக்கோ. உனுக்கு ஒண்ணும் ஆவாது. நான் கீறேன்.”

யாரும் அசையவில்லை. இருநூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ பெட்ரோமாக்ஸ் கொண்டுவந்தார்கள். தண்ணீர், வரிசையில் முதலாவதாக இருந்தவனின் கால் விரலைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே மயங்கி விழுந்தான்.

அதுதான் நாடகத்தின் முடிவு என்று நினைத்து ஜனம் கைதட்டியது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எழுந்து நின்று தட்டினார். “கடைசியில ஒரு கத்தல், ஒரு இருட்டு. பயம்னா இதுதான்யா பயம்! யார் எழுதினது?” என்றார். பேராசிரியர் இரண்டு வெற்றிலையைச் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டு, பதில் சொல்லாமல் தப்பித்தார்.

எல்லோரும் சங்குவைத் தேடினார்கள். கிடங்குக்குப் பின்னால் ஒரு கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தாள். டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் டீ வாங்கிப் போய்க் கொடுத்தேன். வாங்கினாள். டம்ளர் வாய்க்குப் போவதற்குள் பாதி டீ புடவையில் சிந்தியது.

“இன்னாடி பாக்குற? எனுக்கு மட்டும் பயம் இருக்கக் கூடாதா?” என்றாள். முதல்முறையாக அவள் குரல் எனக்கு மட்டுமே கேட்கும் அளவுக்குச் சின்னதாக இருந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, மீதி டீயை அவள் குடித்து முடிக்கும் வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.