சுமியேவின் குரலும் நேரடி மோட்டாரும்

யோகோஹாமா
ஜூலை

அன்பிற்குரிய மைத்துனர் மசஹரு அவர்களுக்கு,

மழை ஓய்ந்து சிள்வண்டுகள் கத்தத் தொடங்கியிருக்கும் இந்நாளில், ஒசாக்காவில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே உங்கள் அக்கா சுமியேவும் நானும் நலம். நீங்கள் அனுப்பிய, இசைத்தட்டு போட்டுக் கேட்கும் பெட்டிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாமென்று ஒசாக்காவிலிருந்து இங்கே குடிவந்ததும், வழக்கம்போல, சுமியே இளவயதில் நூற்பாலைப் பாட்டுக்குழுவோடு பாடிய இசைத்தட்டை என் பழைய பெட்டியில் போட்டேன். அதில் இத்தனை வருடம் குயிலாகக் கூவிக்கொண்டிருந்தவள் கட்டைக்குரலில் பாடினாள். பெட்டி கெட்டுவிட்டதென்று உங்களிடம் புலம்பினேன். நீங்களோ, உங்கள் தொழிற்சாலையில் செய்த, தட்டுக்கடியிலேயே மோட்டார் வைத்து நேரடியாகச் சுழற்றும் பெட்டியைக் கொடுத்துவிட்டீர்கள். அதிலும் அதே கட்டைக்குரல். பதறிப்போய்ப் போன் செய்தேன்.

"அத்தான், அந்தப் பழைய பெட்டிய எங்க வாங்கினீங்க?"

"தோக்கியோல. படிக்கிறப்ப."

"வேலைக்கு ஒசாக்கா வந்தப்ப மோட்டார்ல கப்பி மாத்தினீங்களா?"

"அதுல கப்பி வேற இருக்கா?"

நீங்கள் சிரித்து முடிக்கும்வரை நான் காத்திருந்தது உங்களுக்கே தெரியும். கிழக்கே தோக்கியோ, யோகோஹாமாவில் மின்சாரம் நொடிக்கு ஐம்பது துடிப்பு, மேற்கே ஒசாக்காவில் அறுபது. கப்பியை மாற்றாததால் கல்யாணம் ஆனதிலிருந்து என் பெட்டி ஒசாக்காவில் தலைதெறிக்க ஓடியிருக்கிறது; இங்கே வந்த பிறகுதான் சரியான வேகத்தில், அவளுடைய அசல் குரலில் பாடுகிறது. உங்கள் பெட்டிக்கோ எந்த ஊர் மின்சாரமும் ஒன்றுதான். மோட்டாரை அடியில் வைத்தால் உறுமல் இசையில் ஏறிவிடும் என்று சீமைக்காரர்கள் மூக்கைச் சுளித்ததையும், பிறகு வானொலி நிலையங்களே தேடி வாங்கியதையும், நடன விருந்துகளில் நியூயார்க் பையன்கள் தாளத்துக்காக ஓடும் தட்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளியும் அது அசராததையும் நீங்கள் சொல்லும்போதெல்லாம் கொட்டாவி விட்டிருக்கிறேன். அத்தனை கொட்டாவிகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஏனென்றால், "வயசாச்சு, குரல் போச்சு" என்று எப்போதோ பாட்டை நிறுத்திவிட்ட சுமியே, அன்று வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே இசைத்தட்டோடு சேர்ந்து முணுமுணுத்தாள். இரண்டு குரலும் ஒரே மாதிரி இருந்தன. அவள் குரல் எங்கேயும் போகவில்லை, மசஹரு. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உடனே நானும் சேர்ந்து உரக்கப் பாடினேன். தினமும் பாடுகிறேன். அவள் மறுபடி நிறுத்திவிட்டாள், கூச்சம்தான், சரியாகிவிடும்.

கோடைக்கால அன்பளிப்பாகச் சோமென் சேமியா ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இல்லம் எல்லா நலமும் பெறட்டும்.

நன்றியுடன்,
கியோஜி

பி.கு.: உறையை ஒட்டுமுன் சுமியே இதைப் படித்தாள். "வேகம் தப்புன்னு கல்யாணமான வாரமே எனக்குத் தெரியும்" என்றாள்.

"பின்ன ஏன் சொல்லல?"

"நீங்க கூடவே பாடுவீங்களே. வேகமா ஓடினா சீக்கிரம் முடியுமில்ல? நான் பாடறத நிறுத்தினதும் அதுக்குத்தான்."

உங்கள் பெட்டியில் வேகத்தைக் கூட்டும் குமிழ் எது என்று கேட்டு எழுதச் சொல்கிறாள்.