புது மீனுக்குத் தனி அறை

மீனின் வாலோரம் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. இளைய மாப்பிள்ளை பின்னறைத் தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்து, கண்ணை இடுக்கி, மறுபடியும் பார்த்தார். புள்ளி அப்படியே இருந்தது.

ஊராருக்கெல்லாம் கண் பரிசோதித்து மூக்குக் கண்ணாடி போட்டுவிடுகிற தொழில் அவருக்கு. தன் கண்ணைச் சந்தேகிக்க மனசு வரவில்லை. மனைவியைக் கூப்பிட்டார்.

"வால் பக்கம் பாரு. புள்ளி தெரியுதா?"

"எனக்கு மீன்தான் தெரியுது," என்றாள் அவள். "இந்த விஷயத்துல என்னை இழுக்காதீங்க. அது உங்களுக்கும் அப்பாவுக்கும்."

அப்பா என்றால் மாமனார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலை விட்டு வந்தாரே தவிர, உப்புத் தண்ணீர் அவரை விடவில்லை. ஹாலில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு பெரிய தொட்டி ஒன்று நின்றது. அதற்குள் பாறை, பவளம், தலைக்கனம் பிடித்த ஆறு மீன்கள். வீட்டுக்கு வந்தவர்களை அவர் முதலில் அந்த மீன்களிடம்தான் அறிமுகம் செய்வார்.

போன வாரம் ஒரு மஞ்சள் மீனைக் காட்டி, புதிதாக வாங்கியது என்றார். புது மீனைக் கொண்டுவந்தவுடன் பழைய மீன்களோடு சேர்த்துவிடக் கூடாதாம். என்ன நோயைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறதோ, யார் கண்டது? அதனால் பின்னறையில் ஒரு சின்னத் தொட்டி. சில வாரம் அதில் தனியாக இருக்கவேண்டும். வெள்ளைப் புள்ளி வருகிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று பார்த்து, தேறினால்தான் ஹாலுக்கு வரலாம். அந்தத் தண்ணீரில் பட்ட வலையோ, தண்ணீர் முகக்கும் மக்கோ, கையோ ஹால் தொட்டித் தண்ணீரில் படவே கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, மீனை இளைய மாப்பிள்ளையிடம் ஒப்படைத்து, அவர் மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மாப்பிள்ளைக்கு இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கல்யாணமான புதிது; இப்போதைக்கு மாமனார் வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். மாடியில் காலியாக இருக்கும் இரண்டு அறைகளில் குடியிருந்து கொள்கிறோம் என்று கேட்டதற்கு மாமனார், "பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார். பெண் கேட்டு வந்தபோதும் அந்த மனுஷன் வாயிலிருந்து வந்தது அதே வார்த்தைதான். ஆகவே மீன் பிழைத்தால் மாடி, செத்தால் வாடகை வீடு என்று மாப்பிள்ளை தானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தார்.

மாமனாருக்குப் போன் செய்யலாம். செய்தால், ஒரு மீனைக்கூடத் தனியாகப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் என்று ஆகிவிடும். கொஞ்சம் தண்ணீரை மாற்றிப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். பின்னறைத் தொட்டியில் இருந்த பழைய தண்ணீரை மக்கால் முகந்து வெளியே கொட்டினார். ஹால் தொட்டியிலிருந்து நல்ல தண்ணீரை ஒரு வாளியில் இறக்கி, அதே மக்கால் சின்னத் தொட்டியை நிரப்பினார். வாளியில் கொஞ்சம் மிஞ்சியது. நல்ல தண்ணீரை வீணாக்குவானேன் என்று, மிஞ்சியதைக் கொண்டுபோய் ஹால் தொட்டியிலேயே ஊற்றினார்.

ஊற்றும்போதுதான் உறைத்தது, அது பின்னறை மக் பட்ட தண்ணீர். கை பாதியில் நின்றது, தண்ணீர் நிற்கவில்லை.

சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. ஆனால் ஹால் மீன்கள் வழக்கம்போல், தீனி கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்து, கண்ணாடி ஓரமாக வந்து கூடிவிட்டன. அவற்றின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மனைவியிடமும் மாமியாரிடமும் நடந்ததைச் சொன்னார். இனி ஹால் மீன்களும் சந்தேகக் கேஸ்தான், எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தனித்தனியாக வைக்கவேண்டும் என்றும் சொன்னார். மாமியார் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை வாய் திறந்து பாத்திரம் கேட்பதற்கு முன்பே ஸ்டோர் ரூமிலிருந்து பிளாஸ்டிக் டப்புகள் வரிசையாக வந்து இறங்கின.

"இன்னும் வேணும்னா பரண் மேல இருக்கு மாப்பிள்ளை," என்றார் அந்த அம்மாள். மாப்பிள்ளைக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

பாறை நிறைந்த தொட்டியில் மீன் பிடிப்பது லேசுப்பட்ட வேலையா? வலை ஒரு பக்கம் போனால் மீன் மறு பக்கம் போனது. பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து சோபா மேல் வைத்தார். சோபா நனைந்தது. துடைக்கப்போன மனைவி வழுக்கி, டீப்பாய் மேலிருந்த செய்தித்தாள் கட்டோடு உட்கார்ந்தாள். ஒருவழியாக மீன்களெல்லாம் ஆளுக்கொரு டப்பில் குடியேறின. காற்று மோட்டார்களை ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகினார். பலகை தரையில் இருந்தது, தரையில் கடல் இருந்தது. படீர் என்று ஒரு சத்தம். ஃப்யூஸ் போய், வீடே அடங்கிவிட்டது.

மோட்டார் ஓடாவிட்டால் மீன் மூச்சுமுட்டிப் போகும். தண்ணீரை முகந்து முகந்து மேலிருந்து ஊற்றினால் காற்று கலக்கும் என்று எங்கேயோ படித்திருந்தார். எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, ஹாலில் மாப்பிள்ளை, மனைவி, மாமியார் மூவரும் புடவையையும் பேன்ட்டையும் ஏற்றிச் செருகிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு டப் வைத்து, தனித்தனி மக்கால் முகந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வாசல் கதவைத் திறந்துகொண்டு மாமனார் வந்து நின்றார். பின்னாலேயே பெட்டியைச் சுமந்துகொண்டு மூத்த மாப்பிள்ளை.

மாமனார் செருப்பைக் கழற்றினார். ஒவ்வொரு டப்பாகக் குனிந்து பார்த்தார். காலித் தொட்டியைப் பார்த்தார். சோபாவில் உட்கார்ந்திருந்த பாறைகளையும் பார்த்தார். பிறகு பின்னறைக்குப் போனார். இளைய மாப்பிள்ளை ஈரக் கையோடு பின்னாலேயே போய், புள்ளியிலிருந்து ஃப்யூஸ் வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

மாமனார் கட்டைவிரல் நகத்தால் தொட்டியின் வெளிப்புறக் கண்ணாடியைச் சுரண்டினார். புள்ளி உதிர்ந்து கீழே விழுந்தது. தெறித்த தண்ணீர் காய்ந்து ஒட்டியிருந்த உப்பு. மீன் நகர்ந்து போனது, வால் பளிச்சென்று இருந்தது.

மூக்குக் கண்ணாடிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மாடியும் போச்சு, மானமும் போச்சு.

"மக்குத் தண்ணிய ஊத்தினத யாராவது பாத்தாங்களா?" என்று மாமனார் கேட்டார்.

"இல்ல மாமா."

"அப்புறம் ஏன் இவ்வளவு கூத்து? பேசாம இருந்திருக்கலாமே."

"மீனுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா என்ன பண்றது மாமா? அதுங்க நம்மள நம்பித்தானே இருக்கு."

மாமனார் நகத்தில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டார். அப்புறம், எல்லாவற்றையும் எடுத்து ஹால் தொட்டியில் விடுங்கள், இந்த மஞ்சளையும் சேர்த்து விடுங்கள், நாளைக்கு மாடியைக் கூட்டிப் பெருக்க ஆள் வரச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஈரக் காலோடு சமையலறைப் பக்கம் நடந்தார்.

இளைய மாப்பிள்ளைக்குக் காதை நம்ப முடியவில்லை. சின்னத் தொட்டியின் மறுபக்கத்தைப் பிடிக்க வந்த மூத்த மாப்பிள்ளையிடம் மெல்லக் கேட்டார்.

"என்ன சகலை இது? புது மீன், கெடு முடியவே இல்ல. அதுக்குள்ள எப்படிச் சேர்க்கச் சொல்றாரு?"

மூத்தவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அது புது மீனே இல்ல சகலை. நான் கல்யாணமாகி வந்தப்பவும் புதுசுன்னு சொல்லி, இதே மீனைத்தான் இந்த ரூம்ல என்கிட்ட விட்டுட்டுப் போனாரு."